எண்ணெய்த் தோணியில் ஒரு மணி நேரம்

(நமது சங்கத்தின் மூத்த அங்கத்தினர்கள் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காரியதரிசி என்னைப் பேசக் கூப்பிட்டபோது ஒரு நிபந்தனை போட்டார். "ஸார், ஆயுர்வேத எண்ணெய் சிகிச்சைக்குப் போனா உள்ளே என்ன நடக்கும்னு மட்டும் சொல்லுங்கோ, தத்துவம் வேண்டாம்" என்றார். எனக்கும் அதுவே சௌகரியம். நான் வைத்தியன் அல்ல. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. வாங்கிவிட்டு 37 வருஷம் மத்திய சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். ரிடையர் ஆன பிறகு இடுப்பு வலிக்காக மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 14 நாள், இந்தச் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். என் மனைவி முட்டி வலிக்காக இரண்டு தடவை. அந்த அனுபவமும், கொஞ்சம் படித்ததும்தான் என் தகுதி.

நான் போய்வந்த சமாசாரம் பரவியதும் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்தது. வலி குறைந்ததா என்று கேட்டவர்கள் குறைவு. "வேஷ்டியை அவிழ்க்கச் சொல்லுவாளா?", "பூணூலை என்ன பண்றது?", "ஆம்பளையா பொம்பளையா?" இவைதான் கேள்விகள். நமக்குத் தெரிந்த மாமி ஒருவருக்குத் தோள் இறுகிப்போய், எட்டு மாதம் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியாமல் இருந்தார். எலும்பு டாக்டர் சொன்ன தேகப்பயிற்சியோடு எண்ணெய் ஒத்தடமும் எடுத்துப் பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்லியும் போகவில்லை. காரணம் பணமில்லை, வைத்தியத்தில் அவநம்பிக்கையும் இல்லை. முன்பின் தெரியாதவர் முன்னால் ரவிக்கையைக் கழற்ற வேண்டுமே என்ற கூச்சம். என் மனைவி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகு போனார். கை முழுசாக மேலே போகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்னலைத் தானே போட்டுக்கொள்கிறார். ஆகவே இதைக் கூச்சமில்லாமல் சபையில் பேசினால் நாலு பேருக்கு உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

எண்ணெய் நமக்குப் புதிதில்லை. தீபாவளி கங்கா ஸ்நானமும், புருஷர்களுக்குப் புதன் சனி, ஸ்திரீகளுக்குச் செவ்வாய் வெள்ளி என்ற கணக்கும் நம் வீட்டிலேயே வளர்ந்தவை. கேரள வைத்தியர்களுக்கு முக்கிய நூலான வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயமும் அப்யங்கத்தைத் தினசரிக் காரியமாகவே சொல்கிறது. தலை, காது, பாதம் மூன்றையும் விசேஷமாகக் கவனிக்கச் சொல்கிறது. அதே இடத்தில் அஜீர்ணம் உள்ளவர்களுக்கும் கபம் மிகுந்தவர்களுக்கும் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் சொல்வதில்லை. 1902-ல் பி.எஸ். வாரியர் கோட்டக்கல்லில் ஆர்ய வைத்ய சாலையை ஆரம்பித்த பிறகு இந்தக் கேரள முறை நாடெங்கும் பரவியது. இன்று டில்லியில் மூலைக்கு மூலை 'கேரளா ஆயுர்வேதா' போர்டு. எல்லாம் ஒரே தரம் அல்ல.

முதலில் கவனிக்க வேண்டியது, அங்கே பி.ஏ.எம்.எஸ். படித்துப் பதிவு செய்த வைத்தியர் இருக்கிறாரா, உங்களைத் தொடுவதற்கு முன் அவர் உங்களைப் பார்க்கிறாரா என்பது. வாசலில் நுழைந்ததும் பாக்கேஜ் கார்டை நீட்டுகிற இடத்திலிருந்து திரும்பி வந்துவிடலாம். ஓரிடத்தில் என்னிடம் வைத்தியரைப் பார்ப்பதற்கு முன்பே 21 நாளுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். "மூன்று நாளுக்குக் கட்டுகிறேன், உடம்பு ஏற்றுக்கொண்டால் மேற்கொண்டு பார்க்கலாம்" என்றேன். முடியாது என்றார்கள். நல்லதாகப் போயிற்று என்று வேறு இடம் போனேன்.

நல்ல இடத்தில் வைத்தியர் அரை மணி கேள்வி கேட்பார். தூக்கம், பசி, மலச்சிக்கல், பி.பி., சர்க்கரை, ஆபரேஷன், எலும்பு முறிவு எல்லாம். பலருக்கு இதில் பொறுமை இருப்பதில்லை. தயவுசெய்து இதில் ஒன்றையும் மறைக்காதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அழுத்தித் தேய்த்தால் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். எலும்பு தேய்ந்தவர்களுக்கு, முக்கியமாக மாமிகளுக்கு, முதுகில் பலமான அழுத்தம் கூடாது. ஜுரம், தோலில் புண், சமீபத்திய முறிவு இவை இருந்தால் தள்ளிப்போட வேண்டும்.

இந்தக் கேள்விகளின் மதிப்பு என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் காலனிக்காரர், 72 வயது, பிள்ளையிடம் அமெரிக்காவில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார். நாலாம் நாள் இடது கெண்டைக்கால் வலி. பிளேனில் மடக்கி உட்கார்ந்ததால் பிடித்துக்கொண்டது, எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று சிகிச்சைக்கு வந்தார். வைத்தியர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவள் இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், தொட்டுச் சூட்டைப் பார்த்தாள், பிறகு தையற்காரர் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்தாள். இடது கால் நாலு சென்டிமீட்டர் அதிகம். "அங்கிள், இன்னிக்கு எண்ணெய் கிடையாது, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். அவருக்குக் கோபம். ஆனாலும் போனார். டாப்ளர் ஸ்கானில் ஆழ்ந்த ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. ஒரு கால் மட்டும் வீங்கி, இரண்டுக்கும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் காலைப் பிசைந்திருந்தால் கட்டி கிளம்பி நுரையீரலில் போய் அடைத்திருக்கலாம். மனுஷர் இன்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு காலையில் வாக்கிங் போகிறார். ஆகவே நீண்ட ரயில், விமானப் பயணத்துக்குப் பிறகு ஒற்றைக் கால் வீங்கி வலித்தால் யாரையும், வீட்டு மனிதர்களைக்கூட, அதைத் தேய்க்க விடாதீர்கள்.

தேதி குறிக்கும்போது நம் ஆசாரத்தையும் வைத்தியரிடம் சொல்லிவிடலாம். 7, 14, 21 என்று தொடர்ச்சியாகச் செய்வார்கள். நடுவில் அமாவாசையோ சிராத்தமோ வந்தால் சங்கடம். என் தகப்பனார் திதி மாசியில். அதைச் சொன்னேன், அவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து முன்னால் முடிகிற மாதிரி தேதி கொடுத்தார்கள். மலையாளிகளுக்கு இதெல்லாம் புரியும்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆன பிறகு போவது உத்தமம். ஆனால் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் போகாதீர்கள். மேஜையில் படுத்திருக்கும்போது சர்க்கரை இறங்கினால் மயக்கமா தூக்கமா என்று யாருக்கும் தெரியாது. கடிகாரம், சங்கிலி, மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி எல்லாம் வெளியே. காதுக் கருவியைக் கழற்றுகிறவர்கள் முன்னதாகவே அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் "திரும்பிப் படுங்க" என்பதும் உங்களுக்குக் கேட்காது.

இப்போது வேஷ்டி விஷயம். ஆம், அவிழ்க்க வேண்டும். துணியாலான கோவணம் ஒன்று கொடுப்பார்கள், ஒருமுறை உபயோகித்துத் தூக்கி எறிகிறது. கட்டிக்கொள்ளும்போது அவர்கள் வெளியே இருக்க வேண்டும், அல்லது துண்டைப் பிடித்து மறைக்க வேண்டும். மற்ற இடத்தைத் துண்டால் மூடி, எந்த அங்கத்துக்குச் சிகிச்சையோ அதை மட்டும் திறந்து வேலை செய்யச் சொல்லலாம். புருஷர்களுக்குப் புருஷர், ஸ்திரீகளுக்கு ஸ்திரீ. இது நல்ல ஆயுர்வேத ஆஸ்பத்திரிகளில் மாறாத விதி. மாமிகள் கூட ஒருத்தரை உள்ளே உட்கார வைத்துக்கொள்ளலாம். தோள் வலிக்குப் போகிறவர் புடவையை இடுப்போடு வைத்துக்கொண்டு தோளுக்கு மட்டும் பண்ணச் சொல்லலாம். "அப்படியெல்லாம் முடியாது" என்று சொல்கிற இடம் நமக்கு வேண்டாம். மறைவான அங்கங்களில் கை படக்கூடாது; பட்டால் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, பணம் போனால் போகிறது. அதே மரியாதை நம் பக்கத்திலிருந்தும் வேண்டும். வேலை செய்கிற பையன்களிடம் அதிகாரி தோரணையில் ஏவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்க நன்றாக இல்லை.

பூணூலை நான் மாலையாகப் போட்டுக்கொண்டேன். எண்ணெயில் ஊறிவிடும், 14 நாள் முடிந்ததும் புதுசு மாற்றிக்கொண்டேன். சாஸ்திரப்படி எது சரி என்பதை நம் வாத்தியாரிடம் கேளுங்கள். நான் செய்ததைத்தான் சொல்கிறேன்.

அறை கொஞ்சம் இருட்டாக, கதகதப்பாக இருக்கும். நடுவில் மரத்தோணி. ஓரம் உயர்ந்து, வழிகிற எண்ணெய் ஒரு துவாரம் வழியாகக் கீழே பாத்திரத்தில் விழும்படி செய்திருப்பார்கள். ஏறுவதற்குப் படி உண்டா என்று பாருங்கள். முதலில் உட்கார வைத்து உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, தலை, காது, பிடரி, தோள் என்று இறங்குவார்கள். பிறகு மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற. ஏழு நிலை என்று சாஸ்திரக் கணக்கு. குப்புறப் படுக்க முடியாதவர்கள் சொன்னால் அதை விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று ஒரே தாளத்தில் நீவுவது முதல் நாள் விசித்திரமாக இருக்கும். மூன்றாம் நாள் தூக்கம் வந்துவிடும். முழுவதும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி.

மேல்நாட்டு மஸாஜில் நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சுப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை நிலைநாட்டியவராக மெஸ்கர் என்ற 19-ம் நூற்றாண்டு டச்சு டாக்டரைச் சொல்வார்கள். நம் பாட்டிகள் பெயர் வைக்காமலே நாலையும் குழந்தைகளுக்குச் செய்தார்கள்.

இந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. வாயைத் திறப்பது. நம் தலைமுறைக்கு ஒரு பழக்கம்: டாக்டர், வாத்தியார், மேலதிகாரி முன்னால் பேசாமல் பொறுத்துக்கொள்வது. வலித்தால்தான் வியாதி போகும் என்றும் ஒரு எண்ணம். அது தவறு. 'இதமான வலி' வேறு, பல்லைக் கடித்துக்கொள்ளும் வலி வேறு. மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். பணியாளர்கள் பெரும்பாலும் மலையாளிகள், தமிழும் ஹிந்தியும் அரைகுறை. மூன்று வார்த்தை போதும். "பதுக்கே" என்றால் மெதுவாக. "மதி" என்றால் போதும். "சூடு கூடுதல்" என்பது உங்களுக்கே புரியும்.

சூடு விஷயத்தில் சர்க்கரைக்காரர்கள் விசேஷ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கிழி என்று ஒன்று வைப்பார்கள். இலைகளையோ பொடியையோ துணியில் முடிந்து, சூடான சட்டியில் ஒற்றி எடுத்து வலிக்கிற இடத்தில் ஒத்துவது. பல வருஷம் சர்க்கரை இருந்தால் பாதத்தில் நரம்பு மரத்துப்போய் சூடு தெரியாது; கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆறவும் நாளாகும். ஆகவே கிழியை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காலில் அல்ல. "எனக்குக் காலில் உணர்ச்சி குறைவு" என்று தினமும் சொல்லுங்கள். நேற்றைய ஆள் இன்று இருக்க மாட்டார்.

கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்க யாரையும் அனுமதிக்கக் கூடாது. இது ஆயுர்வேதத்தோடு சேர்ந்ததல்ல, சலூன் வழக்கம். 2017-ல் தலைநகர்ப் பகுதியில் ஒருவருக்கு முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகியதில், மூச்சு விட உதவும் உதரவிதானத்துக்குப் போகிற நரம்பு கெட்டு, மூச்சுக்கே திண்டாட வேண்டியதான செய்தி பத்திரிகைகளில் வந்தது.

சரி, பலன் உண்டா? விஞ்ஞானம் படித்தவன் என்பதால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். உடம்பிலுள்ள நச்செல்லாம் எண்ணெய் வழியே வெளியேறும் என்பார்கள். எந்த நச்சு, அதன் பெயர் என்ன, எவ்வளவு வந்தது என்று கேட்டால் பதில் வராது. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் செய்கின்றன. தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் கரையும் என்பதும் அப்படித்தான். ஓடி வந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் அது தானே போய்விடும். இடுப்பு வலிக்கு மஸாஜ் பற்றி 2015-ல் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளை, 3096 பேரை, சேர்த்துப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, நீண்ட காலத்துக்கு நிற்பதாகத் தெரியவில்லை, ஆய்வுகளின் தரமும் உறுதியாகச் சொல்லப் போதாது என்பது முடிவு. பெரிய கெடுதல் எதுவும் பதிவாகவில்லை, சிலருக்கு வலி கூடியதைத் தவிர. என் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. மூன்று நான்கு மாதம் இடுப்பு லேசாக இருக்கும். அந்த மாதங்களில் பிஸியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை விடாமல் செய்தால் லாபம். எண்ணெய் மட்டுமே போதும் என்று உட்கார்ந்தால் பழைய இடத்துக்கே வந்து சேருவோம்.

குறுகிய கால நிவாரணத்துக்குக் காரணம் உண்டு. அடிபட்ட இடத்தை நாம் உடனே ஏன் தேய்க்கிறோம்? தொடு உணர்ச்சி முதுகுத்தண்டில் வலிச் செய்தியின் வாசலைப் பாதி மூடிவிடுகிறது என்று 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். சூட்டையும் தொடுதலையும் உணருகிற வாங்கிகளைக் கண்டுபிடித்ததற்காக 2021-ல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் இருவருக்கும் நோபல் கொடுத்தார்கள். மெதுவாக நீவுவதற்கென்றே பதில் சொல்லும் நரம்பு இழைகள் நம் தோலில் உள்ளன என்பதும் இப்போது தெரிந்த விஷயம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சிநேகிதர் சொன்னது ஞாபகம் வந்தது. மனைவி போய் ஐந்து வருஷம். பிள்ளைகள் வெளிநாடு. முதல் நாள் தோணியில் படுத்ததும், பையன் பாதத்தைப் பிடித்து நீவ ஆரம்பித்தபோது, தன்னை அறியாமல் கண்ணில் ஜலம் வந்துவிட்டதாம். "ஐந்து வருஷத்தில் டாக்டர் நாடி பார்த்ததைத் தவிர என்னை யாரும் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது" என்றார். அந்தப் பையன் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தானாம். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் வெட்கப்படாதீர்கள். அவர்கள் இதை நிறையப் பார்த்தவர்கள்.

நம் வயதில் நிஜமான ஆபத்து சிகிச்சை முடிந்த பிறகுதான். ஒரு மணி நேரம் படுத்திருந்து சட்டென்று எழுந்தால் பி.பி. இறங்கும், அதிலும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. பாதத்தில் எண்ணெய், தரையில் எண்ணெய். இடுப்பு வலிக்கு வந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு போக வேண்டாம். ஒருக்களித்து எழுந்து, தோணியிலேயே இரண்டு நிமிஷம் உட்காருங்கள். உள்ளங்காலைத் துடைத்த பிறகே காலைக் கீழே வையுங்கள். குளியலறை வரை கையைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். பயத்தமாவு தேய்த்து வெந்நீரில் குளியல், தலைக்குச் சூடு குறைத்து. உச்சியில் ராஸ்னாதி பொடி வைப்பார்கள், நீர்க்கோவை வராமலிருக்க. அன்றைக்கு வெயில், ஏஸி இரண்டும் அளவாக, சாப்பாடு லேசாக. மறுநாள் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருப்பது சகஜம். ஆனால் கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, நீர் பிரிவதில் தடை வந்தாலோ, மூச்சு முட்டினாலோ அடுத்த நாள் வைத்தியரைக் கேட்கலாம் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக, மாமிகளுக்கு ஒரு கெமிஸ்ட்ரி சமாசாரம். பழைய வேஷ்டி, பழைய துண்டு கொண்டு போங்கள். எண்ணெய்க் கறை போகாது. அந்தத் துணிகளை மற்றதோடு சேர்த்து மெஷினில் போட வேண்டாம். டிரையரில் சூடாக உலர்த்தி அப்படியே குவித்து வைக்கவே கூடாது. தாவர எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேரும்போது சூடு உண்டாகும், குவியலுக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். மேல்நாட்டு மஸாஜ் நிலையங்களின் சலவை அறைகளில் இப்படித் தீப்பிடித்ததுண்டு. சீயக்காயும் வெந்நீரும் போட்டு ஊறவைத்துக் கசக்கி, கொடியில் பிரித்து வெயிலில் உலர்த்துங்கள். காப்பி வருவதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதாம், கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.